வைரஸ் காய்ச்சல் போன பிறகும் மஜ்ஜை மூப்படைகிறதா?

வெள்ளணு:
காய்ச்சல் விட்டால் கணக்குத் தீர்ந்தது என்று நினைக்கிறோம். எலும்பு மஜ்ஜையில் தீர்வதில்லை என்கிறேன். ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்களில் மிக வீரியமானவை பெரும்பாலும் உறங்கியே கிடக்கும். வைரஸ் நுழைந்ததும் உடல் சுரக்கும் இன்டர்ஃபெரான் அவற்றை உலுக்கி எழுப்புகிறது. எலிகளில் இது 2009இல் தெரிந்தது. எழுந்து இரண்டாகப் பிரியும்போது அவற்றின் டிஎன்ஏவில் சேதம் சேர்வதை 2015 ஆய்வு காட்டியது. ஆயுள் முழுக்கக் காய்ச்சல் காணும் உடம்பில் இவை தேயாமல் எப்படி இருக்கும்?

நுண்ணோக்கி:
அந்த எலிகளுக்கு ஏற்றியது வைரஸ் அல்ல. இன்டர்ஃபெரானும், வைரஸ் ஆர்என்ஏ போல வேடமிடும் செயற்கைப் பொருளும். அப்படியும் மஜ்ஜை அடியோடு வற்றியது, டிஎன்ஏவைப் பழுதுபார்க்கும் ஒரு மரபணு இல்லாத எலிகளில்தான். நீங்கள் சொல்லும் அதே 2015 ஆய்வில் இதுவும் இருக்கிறது. அந்தப் பக்கத்தை ஏன் புரட்டவில்லை?

வெள்ளணு:
புரட்டினேன். ரத்த எண்ணிக்கை இயல்பாக இருந்தால் செல்கள் தப்பின என்று ஆகாது. அந்த ஸ்டெம் செல்களை வேறு எலிக்கு மாற்றிப் பார்த்தால்தான் குறை தெரியும். அழற்சியைத் திரும்பத் திரும்பத் தூண்டிய 2022 ஆய்வில், ஓராண்டு ஓய்வுக்குப் பிறகும் இழப்பு ஈடாகவில்லை. எலிக்கு ஓராண்டு ஏறக்குறைய பாதி ஆயுள்.

புதியவன்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். வைரஸ் நேராகவே ஸ்டெம் செல்லுக்குள் புகாதா?

நுண்ணோக்கி:
எளிதில் புகாது. மற்ற செல்கள் இன்டர்ஃபெரான் வந்த பிறகே இயக்கும் தற்காப்பு மரபணுக்களில் சிலவற்றை ஸ்டெம் செல்கள் எப்போதும் இயக்கியே வைத்திருக்கும். பார்வோவைரஸ் பி19 தாக்குவதுகூடச் சிவப்பணு ஆகப்போகும் இளஞ்செல்களைத்தான். சைட்டோமெகலோவைரஸ் வேறு ரகம். மஜ்ஜையின் முன்னோடிச் செல்களில் சத்தமில்லாமல் குடியிருக்கும்.

வெள்ளணு அவர்களே, மனித ரத்த ஸ்டெம் செல் ஒவ்வொன்றிலும் ஆண்டுக்குச் சுமார் 17 பிறழ்வுகள், அதாவது டிஎன்ஏ மாற்றங்கள், சேர்கின்றன, முதுமைவரை ஏறக்குறைய ஒரே சீராக. காய்ச்சல்கள் மூப்பை விரட்டினால் அந்தக் கோடு மேடும் பள்ளமுமாக அல்லவா இருக்க வேண்டும்?

வெள்ளணு:
இது சரியான அடி. ஆனால் அந்தக் கணக்கில் வருபவை பிழைத்த செல்கள் மட்டுமே. சேதம் தாங்காமல் தீர்ந்துபோனவற்றை யார் எண்ணினார்கள்? 75 வயதைத் தாண்டியவர்களிடம் வெறும் 12 முதல் 18 செல் வம்சங்களே (ஒரே செல்லிலிருந்து பெருகிய கூட்டங்கள்) ரத்தத்தில் 30 முதல் 60 விழுக்காட்டை உண்டாக்குகின்றன. மற்றவை எங்கே?

நுண்ணோக்கி:
வேகமாகப் பெருகும் வம்சம் மற்றவற்றை ஓரங்கட்டிவிட்டது. அதற்கு வைரஸ் தேவையில்லை. இன்னொன்று: நம் மரபணுத்தொகுதியில் சுமார் 8 விழுக்காடு பழைய ரெட்ரோவைரஸ்களின், அதாவது தம் மரபணுவை நம் டிஎன்ஏவில் செருகும் வைரஸ்களின், மிச்சம். அவையும் அவற்றின் உறவான தாவும் மரபணுக்களும் கர்ப்பிணி எலிகளில் விழித்து, அதே இன்டர்ஃபெரானைக் கிளப்பி, ஸ்டெம் செல்களைப் பெருக்குவதாக 2024இல் ஓர் ஆய்வு வந்தது. தடுத்தால் ரத்தசோகை! நீங்கள் குற்றவாளியாக்கும் இன்டர்ஃபெரான் அங்கே தாயைக் காக்கிறது.

வெள்ளணு:
எலியின் கர்ப்பம் மூன்று வாரம். நான் அஞ்சுவது ஆண்டுக்கணக்கில் ஓயாத இன்டர்ஃபெரான் அலாரத்தை. எச்ஐவியுடன் வாழ்பவர்களிடம் பிறழ்வுற்ற ரத்த வம்சங்கள் கூடுதலாகவே காணப்படுகின்றன.

நுண்ணோக்கி:
அதை நான் மறுக்கவில்லை. ஆனால் காய்ச்சல் என்று தொடங்கினீர்கள், இப்போது எச்ஐவியில் நிற்கிறீர்கள். தலைப்பை மாற்றுங்கள், நானும் உங்கள் பக்கம் வருகிறேன்.