நிறை குறைவாப் பிறந்த பிள்ளையைக் கெதியாக் கொழுக்க வைக்கலாமோ?

வட்டுக்கோட்டை_கிளினிக்:
38 கிழமையில் 2.1 கிலோவாப் பிறந்த பிள்ளை. இப்ப 7 மாதம், தாய்ப்பால் நல்லாக் குடிக்குது. வீட்டில் தேத்தண்ணியில் நனைச்ச ரஸ்க், பனங்கட்டி போட்ட அரிசிக்கஞ்சி குடுக்கினம். நிறை ஏறினால் காணும் எண்டது அம்மம்மாவின்ர கணக்கு. குறைநிறைப் பிள்ளையளுக்குப் பிற்காலத்தில் சீனி வருத்தமும் பிரஷரும் கூட வரும் எண்டு படிச்சிருக்கிறம். கெதியா நிறை ஏறினாலும் அதே ஆபத்தாம். அப்ப தாய்க்கு எதைச் சொல்லிறது?

கோண்டாவில்_குழந்தைநலம்:
ரெண்டும் உண்மை, காலம்தான் வேற. பிரேசில், குவாத்தமாலா, இந்தியா, பிலிப்பைன்ஸ், தென்னாபிரிக்கா ஆகிய 5 நாட்டுப் பிள்ளையளைப் பெரியாளாகும் வரை தொடர்ந்து பாத்த ஆய்வு 2013இல் வந்தது. 2 வயதுக்குள்ள நீளம் நல்லா வளர்ந்தவை உயரமாவும், கூடக் காலம் படிச்சவையாவும் இருந்திச்சினம். 2 வயதுக்குப் பிறகு உயரத்துக்கு மிஞ்சி நிறை ஏறினவைக்குத்தான் உடற்பருமனும் பிரஷரும் கூட. டெல்லி ஆய்வும் (2004) இதே பக்கம்தான்: 2 வயதில் மெலிவா இருந்து, 12 வயதுக்குள்ள உயரத்துக்கு மிஞ்சி நிறை ஏறினவைக்கு நீரிழிவு கூட.

ஏன் எண்டால், சிறுநீரக வடிகட்டி அலகுகள் கர்ப்பத்தின்ர 36ஆம் கிழமையளவில் உருவாகி முடிஞ்சிடும். நிறை குறைவாப் பிறந்தவைக்கு அவை குறைவா இருந்தால் பிறகு எண்ணிக்கை ஏறாது, இருக்கிற அலகுகளே மேலதிகப் பாரம் தாங்கவேணும். பிரஷருக்கு அது ஒரு வழி. இந்தப் பிள்ளையளுக்குத் தசையும் குறைவு. புனேயில் பிறந்த பிள்ளையள் சராசரி 2.7 கிலோ, இங்கிலாந்துப் பிள்ளையள் 3.5 கிலோ. அவ்வளவு சின்னதா இருந்தும் புனேப் பிள்ளையளின்ர முதுகுத் தோலுக்குக் கீழ்க் கொழுப்பு மட்டும் பெரிசாக் குறையேல்லை. அந்த உடம்புக்கு மாவும் சீனியும் ஏத்தினால் கூடுறது எது எண்டு சொல்லத் தேவையில்லை.

முருங்கையிலை:
சாப்பாட்டுக்கு வருவம். ரஸ்க்கும் தேத்தண்ணியும் இண்டைக்கே நிக்கட்டும். தேயிலைச் சாயம் இரும்பு உறிஞ்சிறதைக் கெடுக்கும். குறைநிறைப் பிள்ளைக்கு இரும்பு இருப்பே கொஞ்சம்தான். இரும்புத் துளி ஒரு கிலோவுக்கு நாளுக்கு 2 முதல் 4 மில்லிகிராம் கணக்கு. அளவை வைத்தியர் தீர்மானிக்கவேணும், வீட்டில் ஊகிக்க வேண்டாம்.

இந்த வயதில் தாய்ப்பாலுக்கு மேல் சாப்பாட்டில் நாளுக்கு ஏறத்தாழ 200 கிலோகலோரி காணும். 2, 3 மேசைக்கரண்டியில் தொடங்கி, 250 மில்லிலீட்டர் கோப்பையில் அரைவாசி வரை, நாளுக்கு 2, 3 தரம். கஞ்சி தண்ணியா இருக்கிறதுதான் பெரிய பிழை: வயிறு நிரம்பும், சத்து ஏறாது. கரண்டியைச் சரிச்சால் வழியாமல் நிக்கவேணும். அரிசி 3 பங்கு, பயறு 1 பங்கு, குழைய அவிச்சு, முள்ளெடுத்த விளைமீன் அல்லது ஒட்டி, இல்லாட்டி நல்லா அவிஞ்ச முட்டை, அரைச்ச முருங்கையிலை கொஞ்சம், தேங்காய் முதற்பால் அல்லது நல்லெண்ணெய் ஒரு தேக்கரண்டி. உப்பு வேண்டாம். கருவாட்டுத் தூள் போடுறவையும் இருக்கினம், அது உப்பு மூட்டை.

வட்டுக்கோட்டை_கிளினிக்:
நன்றி. பனங்கட்டி இயற்கையானதுதானே எண்டு கேட்பினம்.

முருங்கையிலை:
பிள்ளையின்ர நாக்குக்கு அதுவும் சீனிதான். பிரித்தானியாவில் யுத்தகாலச் சீனிப் பங்கீடு 1953 செப்ரெம்பரில் முடிஞ்சது. அதுக்கு முன்னும் பின்னும் பிறந்தவையை ஒப்பிட்ட 2024 ஆய்வில், கருவிலும் முதல் 2 வயதிலும் பங்கீட்டுக்குள்ள இருந்தவைக்கு நீரிழிவு 35 வீதமளவும், உயர் இரத்த அழுத்தம் 20 வீதமளவும் குறைவு. 2 வயது வரை சேர்த்த சீனி வேண்டாம். தேன் ஒரு வயதுக்கு முன் கூடவே கூடாது, அதுக்குக் காரணம் சீனியில்லை, பொட்டுலினம் எண்ட நஞ்சு சுரக்கிற கிருமி.

கோண்டாவில்_குழந்தைநலம்:
அளவையும் பாருங்கோ. வளர்ச்சி அட்டையில் நிறைக்கோடு மட்டும் போட்டு நீளக்கோட்டை வெறுமையா விட்டால் இந்தக் கதை முழுக்க வீண். 2 வயதுக்குள்ள படுக்க வைச்சுத்தான் அளக்கிறது: தலை பலகையில் முட்டவேணும், முழங்கால் மடியப்படாது, பாதம் செங்குத்தா நிக்கவேணும். நிமிர்ந்து நிண்ட பிள்ளையை அளந்திட்டால் 0.7 சென்ரிமீற்றர் கூட்டி எழுதுங்கோ. நிறை ஏறி நீளம் அசையாட்டி சாப்பாட்டில் மா கூட, மீன் முட்டை குறைவு எண்டுதான் முதலில் சந்தேகப்படவேணும். 3 வயதிலிருந்து வருசத்துக்கு ஒருக்கா பிரஷர், சின்னக் கைக்கான பட்டையால் பாருங்கோ. பெரியாக்களின்ர பட்டை அளவைக் குறைச்சுக் காட்டும்.