பைத்தானில் மெஷின் கோட் ஓட்டினால் செக்மென்டேஷன் ஃபால்ட், அவசரம்!

பிட்டுப்பூச்சி: பைத்தானிலிருந்து நேரடியாக மெஷின் கோட், அதாவது பிராசசருக்கு நேரே புரியும் எண்களை, ஓட்டிப் பார்க்கிறேன். 184, 42, 0, 0, 0, 195. இந்த ஆறு பைட்டும் 42-ஐத் திருப்பித் தர வேண்டும். சிடைப்ஸில் (பைத்தானிலிருந்து சி ஃபங்ஷன்களைக் கூப்பிட உதவும் லைப்ரரி) ஒரு ஸ்ட்ரிங் பஃபரில் போட்டு, அதன் முகவரியை ஃபங்ஷனாக்கிக் கூப்பிட்டால் செக்மென்டேஷன் ஃபால்ட், அதாவது அனுமதியில்லாத நினைவகத்தைத் தொட்டதாகச் சொல்லி புரோகிராம் நின்றுவிடுகிறது. பைட்டுகளை நாலு தடவை சரிபார்த்துவிட்டேன். நாளை வகுப்பில் காட்டணும்.

மோர்க்குழம்பு: விண்டோஸா, லினக்ஸா? என்ன மெஷின்?

சந்துமுனை: ஆன்டிவைரஸை அணைத்துப் பாருங்க. எனக்கு எப்பவும் அதுதான் காரணம்.

ரிங்_பூஜ்யம்: தேடிப் பார்த்துவிட்டுக் கேட்டால் நேரம் மிச்சம். ஸ்ட்ரிங் பஃபர் இருக்கும் நினைவகத்தைப் படிக்கலாம், எழுதலாம், ஓட்ட முடியாது. விண்டோஸ் எக்ஸ்பியிலேயே 2004-ல் சர்வீஸ் பேக் 2-உடன் வந்த தடுப்பு இது, திருட்டுக் கோட் ஓடாமல் இருக்க. லினக்ஸ் என்றால் எம்மேப்பில் (சிஸ்டத்திடம் நினைவகம் கேட்டு வாங்கும் ஃபங்ஷன்) படிக்க, எழுத, ஓட்ட மூன்று அனுமதியும் கேட்டு ஒரு பக்கம் வாங்கி அதில் எழுதவும்.

கேசட்காலம்: 1980-களின் வீட்டுக் கணினி ஸ்பெக்ட்ரத்தில் இந்தத் தொல்லையே இல்லை. 1, 42, 0, 201 என்று நாலு எண்ணை 40000-ஆம் முகவரியிலிருந்து போக் செய்து (நினைவகத்தில் நேரே எழுதி), பிரின்ட் யுஎஸ்ஆர் 40000 (அங்கிருக்கும் கோடை ஓட்டி விடையைக் காட்டு) என்றால் 42 வந்து நிற்கும். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

ரிங்_பூஜ்யம்: ஒரு பைட் தப்பினால் மொத்தப் பெட்டியும் ரீசெட் ஆகுமே, அதையும் சொல்லுங்க சார்.

கேசட்காலம்: ஆகும். கேசட்டை மறுபடி ஓட்டுவோம். அப்படித்தான் கற்றுக்கொண்டோம்.

ரிங்_பூஜ்யம்: அதில் திருட யாருடைய பாஸ்வேர்டும் இல்லை, அதனால் சரி.

பிட்டுப்பூச்சி: லினக்ஸ்தான். எம்மேப் போட்டேன். இப்போ 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்' என்று வேறு மாதிரி சாகிறது!

மோர்க்குழம்பு: நல்ல செய்திதான் தம்பி. இப்போ பிராசசர் உங்கள் பைட்டுகளை நிஜமாகவே ஓட்டிப் பார்க்கிறது, அதற்குத்தான் புரியவில்லை. மறுபடி கேட்கிறேன், என்ன மெஷின்?

பிட்டுப்பூச்சி: ராஸ்பெரி பை 4, 64 பிட். அது முக்கியமா?

மோர்க்குழம்பு: அதுதானே எல்லாம்! உங்கள் பைட்டுகள் இன்டெல், ஏஎம்டி சில்லுக்கானவை. ராஸ்பெரி பையில் இருப்பது ஆர்ம் என்ற வேறு வகைச் சில்லு. அங்கே கட்டளை ஒவ்வொன்றும் நாலு பைட். உங்கள் முதல் நாலு 184, 42, 0, 0. மேல் 16 பிட்டும் பூஜ்யம். அப்படி வரும் எதையும் 'செல்லாத கட்டளை' என்றே ஆர்மில் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். தற்செயலாக அதிலேயே போய் விழுந்திருக்கிறீர்கள். இதைப் போடுங்க: 64, 5, 128, 82, 192, 3, 95, 214. முதல் நாலும் 42-ஐ டபிள்யூ0-வில் (ஃபங்ஷனின் விடையை வைக்கும் ரெஜிஸ்டர்) வைக்கும், அடுத்த நாலும் ஃபங்ஷனிலிருந்து திரும்ப வைக்கும்.

ரிங்_பூஜ்யம்: ஆர்மில் எழுதி முடித்ததும் இன்ஸ்ட்ரக்ஷன் கேஷையும் (பிராசசர் கட்டளைகளின் நகலை வைத்திருக்கும் இடம்) சுத்தம் செய்யணும். இல்லாவிட்டால் ஒரு நாள் ஓடும், ஒரு நாள் ஓடாது. மெஷினை முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு பேச்சு தேவையில்லை.

பிட்டுப்பூச்சி: 42 வந்துடுச்சு!! நன்றி அண்ணா.

மோர்க்குழம்பு: கேஷ் சுத்தம் செய்தீர்களா? முழுக் கோடையும் இங்கே ஒட்டிவிடுங்க, அடுத்து வருகிறவர்களுக்கு உதவும்.

சந்துமுனை: பையில் ஆன்டிவைரஸ் போட முடியுமா?