நெய்வேலிச் சாம்பலில் கான்கிரீட்: சைட்டில் கவனிச்சது என்ன?

கடலூர், சைட் இன்ஜினியர்:
"சிமென்ட் மூட்டைக்கு ஒரு சட்டி அனல் மின் நிலையச் சாம்பல்" என்ற மேஸ்திரி கணக்கு இங்கே ரொம்ப நாளா ஓடுது. அதுக்கு முன்னாடி மூட்டையைத் திருப்பிப் பாருங்க. பிபிசின்னா (சாம்பல் கலந்தே வர்ற சிமென்ட்) 15 முதல் 35 சதவீதம் சாம்பல் அதிலேயே இருக்கு. மேல ஒரு சட்டி கொட்டினா சிமென்ட்தான் குறையும். தனியா சேர்க்கணும்னா ஓபிசி (சாம்பல் கலக்காத சாதா சிமென்ட்) 53 கிரேடு வாங்குங்க.

எம்30 கான்கிரீட்டுக்கு (28 நாள்ல சதுர மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன் தாங்குறது) ஒரு கன மீட்டர் கணக்கு: ஓபிசி 285 கிலோ, சாம்பல் 95, எம்சாண்ட் 700, ஜல்லி 1170, தண்ணி 160 லிட்டர், பிசிஇ அட்மிக்சர் (தண்ணி குறைச்சாலும் கலவையை இளக்கமா வைக்கிற மருந்து) 3 கிலோ அளவில். 50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு மாத்தினா சாம்பல் 16.7 கிலோ, எம்சாண்ட் 123, ஜல்லி 205, தண்ணி 28 லிட்டர். இது ட்ரையலுக்கு மட்டும்தான். 7, 28, 56 நாள்ல க்யூப் (சோதனைக்கு வார்த்த கான்கிரீட் கட்டி) உடைச்சுப் பார்த்துட்டு தளத்துக்குப் போங்க.

நெய்வேலி பக்கம், லேப் ஆள்:
கணக்கு சரி, எந்தச் சாம்பல்னு சொல்லலையே! தண்ணியில கரைச்சு சாம்பல் ஏரியில் விட்ட ஈரச் சாம்பல் கரடு, சிமென்டுக்குப் பதிலா ஆகாது. ஆஷ் பிரிக்ஸ் போடுறவங்க மிச்சம் வெச்சதை வாங்கி வர்றதும் இதே கதைதான். ஈஎஸ்பியில் (புகையிலிருந்து சாம்பலை மின்சாரத்தால பிரிக்கிற கருவி) பிடிச்ச உலர் சாம்பலா கேளுங்க.

நம்ம ஊர்ச் சாம்பல் லிக்னைட்ல (பழுப்பு நிலக்கரி) வர்றது. கல் நிலக்கரிச் சாம்பலைவிட இதுல சுண்ணாம்பும் சல்பேட்டும் கூடுதலா வரலாம், லோடுக்கு லோடு மாறவும் செய்யும். தனிச் சுண்ணாம்பு மிச்சமிருந்தா கான்கிரீட் இறுகின பிறகு அது நனைஞ்சு ஊதும், விரிசல் விடும். அதனால லோடுக்கு ஒரு சர்டிபிகேட் கேளுங்க: ஐ.எஸ். 3812 பகுதி 1 (சாம்பலுக்கான இந்தியத் தர விதி) படி எஸ்ஓ3 (சல்பேட் அளவு) 3 சதவீதத்துக்குள்ள, எரி இழப்பு (சூடாக்கினா எரிஞ்சு குறையுற எடை) 5 சதவீதத்துக்குள்ள, ஆட்டோகிளேவ் விரிவு (நீராவி அழுத்தத்துல வெச்சா ஊதுற அளவு) 0.8 சதவீதத்துக்குள்ள. கருப்பா இருந்தா எரியாத கார்பன் அதிகம், தண்ணியும் அட்மிக்சரும் கூட இழுக்கும். சாம்பல் மூட்டையைத் தார்ப்பாய்க்குக் கீழே வெச்சாலும் தரையிலிருந்து தூக்கி வைங்க. சுண்ணாம்புச் சாம்பல் ஈரம் பட்டா தானாவே கட்டி தட்டும்.

புதுச்சேரி, ரெடிமிக்ஸ்:
கடற்கரைத் தெருக்களுக்கு என் ஓட்டு சாம்பலுக்கு இல்ல, ஸ்லாக்குக்கு (இரும்பு உருக்குற உலையில வர்ற கசடு). சிமென்ட்ல 50 சதவீதத்துக்குப் பதிலா ஜிஜிபிஎஸ் (அந்த ஸ்லாக்கை அரைச்ச தூள்) போட்டா உப்பு உள்ளே இறங்கிக் கம்பியைத் தொடுறது நல்லா தாமதமாகும். க்யூப் உடைச்சதும் உள்ளே நீலப்பச்சையா தெரியும், பயந்து திருப்பி அனுப்பாதீங்க. காத்துபட்டா மங்கிடும்.

ஆனா இதுக்கு ஒரு குறையும் இருக்கு: ஆரம்ப வலு மெதுவா ஏறும். தாங்கலுக்குத் தாங்கல் 4.5 மீட்டருக்குள்ள இருக்குற தளத்துக்கு முட்டு எடுக்க ஐ.எஸ். 456 (கான்கிரீட்டுக்கான இந்திய விதி) சொல்ற 7 நாள் ஓபிசிக்கானது. ஸ்லாக் கலவையில க்யூப் வலு பார்த்துதான் எடுக்கணும். தண்ணி கட்டுறது குறைஞ்சது 10 நாள், கோடையில 14. போர் தண்ணி உப்பா இருந்தா டெஸ்ட் பண்ணுங்க, கம்பி கான்கிரீட்டுக்குக் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல கூடாது.

கடலூர், சைட் இன்ஜினியர்:
லோடு சர்டிபிகேட் விஷயம் நான் விட்டது, சேர்த்துக்கங்க. இன்னொன்னு, ஐப்பசி மழையில எம்சாண்ட் 5 சதவீத மேல்ஈரத்தோட (மணல் மேல ஒட்டியிருக்குற தண்ணி) வரும். மூட்டைக் கணக்குல அது 6 லிட்டர். 28 லிட்டர்ல அதைக் கழிச்சு 22 ஊத்துங்க. எம்சாண்டை ஈரத்தோட எடை போடுறப்போ 6 கிலோ கூட்டிக்கங்க.