கூடைப்பந்தில் ரீபவுண்ட் (ஷாட் தவறித் திரும்பி வரும் பந்து) எடுத்த பிறகும் பந்து பறிபோகிறது. என்ன செய்யலாம்?

சிமென்ட்கோர்ட்:
அரசுப் பள்ளியில் பெண்கள் அணிக்குப் பயிற்சி தருகிறேன். நான் ஆடியது வாலிபால். கூடைப்பந்து என் தலையில் வந்து விழுந்தது. அணியில் உயரமானவளே 5 அடி 4 அங்குலம்தான். போன வாரம் 31-18 என்று தோற்றோம். எதிரணியின் ஷாட் தவறினால் எங்கள் ஐந்து பேரும் அண்ணாந்து பார்த்தபடி நிற்கிறார்கள். தப்பித்தவறிப் பந்து கிடைத்தாலும் இடுப்புக்கு இறக்கி ஒரு தட்டு தட்டுகிறார்கள். பக்கத்தில் நிற்கும் குட்டிப் பெண் உருவிக்கொண்டு போய்விடுகிறாள். ஃபாஸ்ட் பிரேக் (பந்து கிடைத்ததும் எதிரணி திரும்புமுன் பாய்ந்து போய்ப் போடுவது) என்று சொல்லிக் கொடுத்ததில், பந்து கைக்கு வருமுன்பே மூன்று பேர் ஓடிவிடுகிறார்கள். எங்கே தொடங்குவது?

பழைய சென்டர்:
அண்ணாந்து பார்ப்பதுதான் சார் நோய். ஷாட் கிளம்பியதும் தேட வேண்டியது ஆளை. அவள் மேல் முன்கையை வைத்து, காலைத் திருப்பி, முதுகைக் கொடுத்து, முட்டி மடக்கி நிற்க வேண்டும். பந்து அப்புறம்.

ஒரு வாரம் ரிங் பக்கமே போகாதீர்கள். நடு வட்டத்தில் பந்தைத் தரையில் வையுங்கள். உள்ளே ஒருத்தி, வெளியே ஒருத்தி. விசில் அடித்ததும் வெளியே நிற்பவள் பந்தைத் தொடப் பார்க்க வேண்டும். உள்ளே நிற்பவள் முதுகாலேயே 5 விநாடி மறிக்க வேண்டும். கையால் பிடித்தால் ஃபவுல். இதில் குதிக்கிற வேலையே இல்லை, உங்கள் பிள்ளைகளுக்கு ஏற்றது. டென்னிஸ் ராட்மன் 6 அடி 7 அங்குலம்தான். ஏழடி ஆட்களுக்கு நடுவே தொடர்ந்து 7 சீசன் அமெரிக்காவின் என்பிஏ லீக்கில் ரீபவுண்டில் முதலிடம்.

இடதுகை கார்டு:
சார், நான் பள்ளியில் பாயிண்ட் கார்டு, பந்தை முன்னே கொண்டுபோகிறவள். பந்தைப் பிடித்ததும் தாடைக்குக் கீழே, முழங்கை இரண்டும் வெளியே. இறக்கினால் அங்கேயே பத்து உட்கார்ந்து எழ வேண்டும் என்பது எங்கள் கோச்சின் சட்டம். ரிங்குக்குக் கீழே நடுவில் பாஸ் கொடுக்கவே கூடாது, வெட்டினால் அவர்களுக்குச் சும்மா ஒரு லே அப் (ரிங் பக்கத்திலிருந்தே போடும் ஷாட்). கார்டு ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு நேராக, சைடு லைனுக்கு முதுகு காட்டி நின்று கத்தி பந்தைக் கேட்க வேண்டும். அவள் குரல் கேட்டால்தான் விங் (இரு ஓரமும் ஓடுபவர்கள்) இரண்டும் கிளம்பலாம், அதுவும் கோட்டை ஒட்டி அகலமாக. 28 மீட்டரைத் தட்டிக்கொண்டே கடப்பதைவிட இரண்டு பாஸ் வேகம்.

சிமென்ட்கோர்ட்:
நன்றிம்மா. மூலையிலிருந்து போட்டுத் தவறினால் பந்து எங்கே விழும்?

பழைய சென்டர்:
பெரும்பாலும் எதிர்ப்பக்கம். ஆனால் உங்கள் ரிங் ஆடுகிறதா என்று பாருங்கள். போல்ட் தளர்ந்த ரிங்கில் பந்து செத்துப்போய்க் காலடியிலேயே விழும். பிள்ளைகள் அதற்குப் பழகிவிட்டு, இறுக்கமான ரிங்கில் ஆடும்போது தலைக்கு மேலே போவதை வேடிக்கை பார்ப்பார்கள்.

சிமென்ட்கோர்ட்:
ஆடுகிறது சார். ஸ்பேனர் வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். வட்டப் பயிற்சி இன்று செய்தோம். ஒருத்தியைத் தவிர யாரும் 3 விநாடியைத் தாண்டவில்லை, அந்த 5 அடி 4 அங்குலம் உட்பட. தாண்டியவள் அணியிலேயே குள்ளமான எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்திதான்.