புதுப்பிப்பு: ‘பஞ்சமர்’ நாவலை முடித்த பின்

கே. டானியலின் ‘பஞ்சமர்’ நாவலில் கதையைவிடப் பிரசாரமே மேலோங்கி நிற்கிறது என்று சென்ற மாதம் பாதி வாசிப்பில் எழுதியிருந்தேன்; அந்தக் கருத்தை இப்போது மாற்றிக்கொள்கிறேன். யாழ்ப்பாணத்துச் சாதி ஒடுக்குமுறைக்கு எதிரான போராட்டத்தைச் சொல்லும் அந்நூலை முடித்த அன்று அம்மம்மாவிடம் கேட்டபோது, கிணற்றைத் தொட அனுமதிக்கப்படாதவர்கள், யாராவது வந்து தண்ணீர் அள்ளி ஊற்றும்வரை வெறுங்குடத்தோடு வேலியோரம் காத்து நின்றதைச் சிறுவயதில் தாம் பார்த்ததாகச் சொல்லிவிட்டு, வெகுநேரம் பேசாமல் இருந்தார். பாதியில் தீர்ப்புச் சொன்னது என் அவசரம். பேச்சுவழக்கு உரையாடல்களை உரத்து வாசிக்கச் சொன்னவருக்கு நன்றி. அதன் பின்பே அவை பிடிபட்டன.

அடுத்து ‘முறிந்த பனை’யைத் தொடங்கியிருக்கிறேன். ஈழப் போர்க்கால வன்முறைகளைப் பற்றி யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர் நால்வர் எழுதிய அந்நூலை, அவர்களுள் ஒருவரான ராஜனி திராணகம 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி சுட்டுக்கொல்லப்பட்டதை அறிந்தே வாசிப்பதால், நாளுக்குப் பத்துப் பக்கங்களைத் தாண்ட முடியவில்லை.