ஒரு வருஷ எக்ஸ்சேஞ்சில் ஜேர்மனி போற மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகளுக்கு

வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ படிக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு எக்ஸ்சேஞ்ச் கிடைத்தவுடன் முதல் கேள்வி குளிரைப் பற்றி, அடுத்தது சாப்பாடு, பிறகு விசா. மூன்றையும் சமாளிக்கலாம். அந்த வருஷம் வீணாகிறது பெரும்பாலும் இங்கே, அங்கத்தைய பாடங்களை இங்கே ஏற்பதாகப் பீட அலுவலகத்தில எடுக்க வேண்டிய ஒரு கடிதத்தை எடுக்காமல் விமானம் ஏறுவதால. அதில் இருந்தே தொடங்குவம்.

அங்கே பாடங்களுக்கு ஈ.சி.ரி.எஸ். புள்ளி, ஐரோப்பாவின் கிரெடிட் முறை அது. ஒரு புள்ளி என்றால் 25 முதல் 30 மணித்தியால வேலை. செமஸ்டருக்கு 30, வருஷத்துக்கு 60. நம்மட இலங்கைத் தகைமைச் சட்டகத்தில ஒரு கிரெடிட் 50 மணித்தியாலம், வருஷத்துக்கு 30. ஆகவே அங்கத்தைய 6 புள்ளிப் பாடம் இங்கே ஏறத்தாழ 3 கிரெடிட்தான். நாலு பாடத்தை எடுத்து 20 புள்ளியோட திரும்பினால் ஒரு செமஸ்டர் நிரம்பாது, பிறகு ஜூனியர் பட்சோட இருந்து மிச்சத்தை எழுத வேண்டி வரும்.

அங்கே எடுக்கப்போகிற பாடங்களை எழுதுகிற ஒப்பந்தமான லேர்னிங் அக்ரிமென்டில் மூன்று கையெழுத்து வேணும்: உங்களுடையது, இங்கத்தையது, அங்கத்தையது. அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். அங்கே எடுக்கிற ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே, இங்கே அது எந்தப் பாடத்துக்குப் பதில், எத்தனை கிரெடிட் என்று ஒரு அட்டவணை போட்டு, துறைத் தலைவரிடம் கொடுத்து, பீடச் சபைக்கும் அங்கிருந்து மூதவைக்கும் (செனட்) போக வையுங்கள். இந்தச் சபைகள் வழமையாக மாதம் ஒருதரம்தான் கூடும். ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் ஒரு மாதம் போச்சு. குறைந்தது மூன்று மாதம் முன்னால தொடங்க வேணும்.

அந்த அட்டவணையிலேயே தேர்வுப் புள்ளி மாற்றமும் எழுத்தில இருக்கட்டும். ஜேர்மனியில் 1.0தான் ஆகச் சிறந்த புள்ளி, 4.0 சித்திக்கான கடைசி எல்லை, 5.0 என்றால் பெயில். இங்கே 4.0 ஜீ.பி.ஏ. என்றால் உச்சம். மாற்று விதி இல்லாமல் பெறுபேற்றுத் தாள் வந்தால், 1.3 எடுத்த பிள்ளைக்கு இங்கே சி கூடப் போடமாட்டார்கள், 4.0 எடுத்தவருக்கு மாலை போடுவார்கள்.

போன பிறகு பாடங்கள் மாறும், இது நிச்சயம். ஒன்று அந்த செமஸ்டரில் நடக்காது, ஒன்று இன்னொன்றோட நேரம் மோதும், ஒன்று ஆங்கிலம் என்று போட்டிருந்தாலும் ஜேர்மன் மொழியில நடக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் பரிமாற்றத் திட்டமான எராஸ்மஸ் பிளஸில் போனவர்கள் செமஸ்டர் தொடங்கி ஐந்து வாரத்துக்குள் மாற்றத்தைக் கேட்டுவிட வேணும். கேட்கிறதை மின்னஞ்சலில் கேளுங்கள். வட்ஸ்அப்பில் சேர் "ஓகே" போட்டதை மூதவை ஏற்காது.

இன்னொரு பொறி: பாடத்துக்குப் பதிவது வேறு, தேர்வுக்குப் பதிவது வேறு. பெரும்பாலான இடங்களில் தேர்வுப் பதிவுக்கு ஒரு சில வாரம்தான் வாசல் திறந்திருக்கும். வகுப்புக்கு ஒழுங்காகப் போனாலும் அந்த வாரத்தைத் தவறவிட்டால் தேர்வு மண்டபத்துக்குள் விடமாட்டார்கள். நேர அட்டவணையில சி.ரி. என்று இருந்தால் 10 மணி வகுப்பு 10.15க்குத் தொடங்கும். எஸ்.ரி. என்றால் 10 என்றால் 10தான்.

இங்கே வருடாந்தப் பதிவைப் புதுப்பித்துவிட்டே போங்கள். மகாபொல உதவித்தொகை, விடுதி இரண்டையும் பற்றி நலன்புரிப் பிரிவில எழுத்தில கேட்டு எழுத்தில பதில் வாங்குங்கள்.

இனிப் பெயர். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கடவுச்சீட்டு, பல்கலைக்கழகப் பதிவு, நான்கிலும் ஆங்கில எழுத்துக்கள் ஒன்றாக இருக்குதா என்று இன்றைக்கே பாருங்கள். மொகமட் என்ற பெயரை நாலு விதமாக எழுதுகிற ஊர் நம்மட. வித்தியாசம் இருந்தால் பிரதேச செயலகத்திலோ சமாதான நீதவானிடமோ என்ன தாள் எடுக்க வேணும் என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அங்கே குடும்பப் பெயர் இல்லாமல் ஒரு படிவமும் நகராது. கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் அந்த இடத்தில இருந்தால் வருஷம் முழுக்க அப்பாவின் பெயரால்தான் கூப்பிடுவார்கள், பழகிக்கொள்ளுங்கள்.

காசு. விசாவுக்கு முடக்கக் கணக்கு (வாழ்க்கைச் செலவுக்கென்று முன்கூட்டியே காசைப் பூட்டி வைக்கிற கணக்கு) காட்டுகிறவர்கள் வருஷத்துக்கு 11,904 யூரோ போட வேணும் (2024 செப்டெம்பர் முதல் இந்தத் தொகை, விண்ணப்பிக்கிற நேரம் மாறியிருக்கா என்று பாருங்கள்). அதில் மாதம் 992 யூரோதான் வெளியே வரும். மாதாந்தப் புலமைப்பரிசில் போதுமான அளவு இருந்தால் அந்தக் கடிதமே பெரும்பாலும் போதும், ஆனால் கடிதத்தில் மாதத் தொகையும் தொடக்க, முடிவுத் திகதியும் தெளிவாக இருக்க வேணும். முதல் தவணை போய் இறங்கின அன்றே வராது. அங்கே வங்கிக் கணக்குத் திறந்த பிறகுதான் வரும். அதற்குள் வீட்டு முற்பணம், முதல் மாத வாடகை, செமஸ்டர் கட்டணம், காப்புறுதி எல்லாம் வரிசையில நிற்கும். கையில 1,500 யூரோ இல்லாமல் புறப்படுவது துணிச்சல் இல்லை, மடத்தனம்.

பிளைட் நாள்: மீனகயா இரவு ரயிலில் ஏறி விடிய கோட்டையில் இறங்கி அன்றைக்கே கட்டுநாயக்கா என்று கணக்குப் போடாதீர்கள். கல்லோயாப் பக்கம் யானை குறுக்கே வந்தால் உங்கட பிளைட்டைப் பற்றி அதுக்குக் கவலையில்லை. ஒரு நாள் முன்னால போங்கள். குளிர்கால செமஸ்டர் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஒக்டோபர் 1இல் தொடங்கும், விரிவுரைகள் மாத நடுப்பகுதியில்தான். செப்டெம்பர் கடைசியில் போய் இறங்கினால் பதிவு வேலைகளுக்குக் காலம் கிடைக்கும்.

இறங்கின பிறகு ஒழுங்கு முக்கியம். வீட்டுக்காரரிடமோ விடுதியிடமோ குடியிருப்பு உறுதிப் படிவம் வாங்குங்கள். வாடகை ஒப்பந்தம் அதுக்கு ஈடாகாது, தனிப் படிவம். அதோட நகர அலுவலகத்தில 14 நாளுக்குள் முகவரிப் பதிவு, அதைத்தான் ஆன்மெல்டுங் என்பார்கள். அந்தத் தாளைக் கொண்டு வங்கி, பிறகு வெளிநாட்டவர் அலுவலகத்தில வதிவிட அனுமதி. மருத்துவக் காப்புறுதி இல்லாமல் மாணவர் பதிவு நடக்காது. அரச காப்புறுதி மாணவர்களுக்கு மாதம் 140 யூரோவைத் தாண்டும். மலிவு என்று தனியாருக்குப் போய் விலக்குப் பெற்றால் அந்தப் படிப்புக் காலம் முழுக்க அரச காப்புறுதிக்குத் திரும்ப முடியாது.

முதல் நாளே செய்ய வேண்டிய சின்ன வேலை ஒன்று: கீழே இருக்கிற தபால் பெட்டியில் கடவுச்சீட்டில் இருக்கிற குடும்பப் பெயரை ஒட்டுங்கள். வங்கி அட்டை ஒரு கடிதத்தில, அதன் இரகசிய இலக்கம் இன்னொரு கடிதத்தில, வரி இலக்கம் வேறொன்றில, எல்லாம் தபாலில்தான் வரும். பெட்டியில் பெயர் இல்லையென்றால் தபால்காரர் கதவு தட்டி விசாரிக்கமாட்டார், திருப்பி அனுப்பிவிடுவார்.

கேள்வி: அம்மா நெய், கருவாடு, கறிவேப்பிலை எல்லாம் கட்டுறா. எது போகும்?

பதில்: கருவாடு போகும், நெய் போகாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சி, பால் இரண்டும் அவற்றில் செய்ததும் வெளியிலிருந்து கொண்டுபோகத் தடை. நெய், பால்மா, தயிர்ச்சட்டி எல்லாம் அதில் அடங்கும். மீன் வகைக்கு ஒருவருக்கு 20 கிலோ வரை இடமுண்டு, ஆகவே நெத்தலி, மாசி, இறால் கருவாடு சட்டப்படி சரி. காற்றை இழுத்து ஒட்டுகிற பையில இரண்டு மடிப்பாகக் கட்டுங்கள், இல்லாவிட்டால் உடுப்பெல்லாம் கல்லாறுச் சந்தை வாசம்தான். பச்சைக் கறிவேப்பிலை, மாம்பழம் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் போகாது. கறித்தூள், வறுத்த அரிசிமா, முந்திரிப் பருப்பு பிரச்சினையில்லை. கறித்தூளை வீட்டில் இடித்ததாக இருந்தாலும் பெயர் எழுதிக் கட்டுங்கள்.

விடுதி அறையில புகை எச்சரிக்கைக் கருவி இருக்கும். செத்தல் மிளகாயைத் தாளிக்கிற நேரம் சமையலறைக் கதவைச் சாத்தி, யன்னலை முழுசாகத் திறந்து, அடுப்பைக் குறைத்து வையுங்கள். புகை நடைபாதைக்குப் போய்த் தீயணைப்பு வண்டி வந்தால் செலவு உங்கட பெயருக்கு வரலாம். சோறு ஆக்கின ஆவி குளிர்ச் சுவரில படிந்தால் பூஞ்சணம் பிடிக்கும், முற்பணத்தில கழிப்பார்கள். யன்னலைக் கொஞ்சமாகச் சாய்த்து நாள் முழுக்க வைக்கிறதைவிட, நாளைக்கு மூன்று தரம் ஐந்து பத்து நிமிஷம் முழுசாகத் திறக்கிறதுதான் சரி. அந்த நேரம் ஹீற்றரை அணையுங்கள்.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். ஹலால் எப்படி?

பதில்: வஅலைக்குமுஸ்ஸலாம். துருக்கிக் கடை இல்லாத பல்கலைக்கழக நகரம் அருமை, இறைச்சியை அங்கே வாங்கலாம். மென்சா என்கிற மாணவர் சாப்பாட்டுச்சாலையில ஒவ்வொரு உணவுக்கும் கீழே குறியீடு இருக்கும், பன்றிக்கு எது என்று முதல் நாளே விளக்கப் பட்டியலைப் பாருங்கள். ஜெலட்டின், மதுச்சாறு சேர்த்த சோஸ் இரண்டையும் மறக்காதீர்கள். 2027 ரமழான் பெப்ரவரி தொடக்கத்தில வருது, தேர்வுக் காலத்தோட மோதும். தேர்வு நேரங்களை முன்னமே பார்த்து வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் பூட்டு, ஆகவே சஹருக்கான சாமானைச் சனிக்கிழமையே எடுங்கள்.

கேள்வி: திரும்பி வரும்போது என்னென்ன முடிக்கணும் அண்ணே?

பதில்: தொலைபேசிக்கு 24 மாத ஒப்பந்தத்தில கையெழுத்து வைக்காமல் முன்கட்டண சிம் எடுத்திருந்தால் பாதி வேலை குறைவு. வீட்டை விடப்போகிற அறிவித்தலை ஒப்பந்தத்தில உள்ள கால அளவுக்கு முன் எழுத்தில கொடுங்கள். வீட்டை விடுவதற்கு முந்திய ஒரு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில பதிவை நீக்குங்கள். அந்த நீக்கத் தாள் இருந்தால்தான் காப்புறுதியையும், மாதம் 18.36 யூரோ வானொலி தொலைக்காட்சிக் கட்டணத்தையும் நிறுத்தலாம். அறையில தொலைக்காட்சிப் பெட்டியே இல்லை என்றாலும் அந்தக் கட்டணம் வீட்டுக்கு ஒன்று என்று வரும், பகிர்ந்த வீட்டில ஒருவர் கட்டினால் போதும். முற்பணம் வரும் வரை வங்கிக் கணக்கை மூடாதீர்கள். தங்கியிருந்த காலச் சான்றிதழில கடைசித் திகதியும் கையெழுத்தும் சர்வதேச அலுவலகத்தில நேரே போய் வாங்குங்கள். பெறுபேற்றுத் தாளை உங்களுக்கு மட்டுமில்லாமல் பீடத்துக்கும் நேரடியாக அனுப்பச் சொல்லுங்கள், ஏனென்றால் மாணவன் கையில கொண்டு வருகிற பிரதியை இங்கே சில கிளார்க்மார் எடுக்கமாட்டார்கள்.