நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் ரெண்டு ஐரோப்பியன் கப் அடிச்சது லக்கா?

பந்துப்பைத்தியம்:
ஒரு டவுட்டு மக்களே. நேத்து ராத்திரி ரூம்ல பெரிய சண்டை. இங்கிலீஷ் ஃபுட்பால் கிளப் ஃபாரஸ்ட் 1979, 1980 ரெண்டு வருஷமும் ஐரோப்பியன் கப் (இப்போ சாம்பியன்ஸ் லீக்) ஜெயிச்சிருக்காங்கன்னு சொன்னேன், ஃப்ரெண்டு ஒருத்தன் விழுந்து விழுந்து சிரிச்சிட்டு, போன்ல எடுத்துக் காட்டினதுக்கப்புறம் "அப்போ குரூப் ஸ்டேஜே கிடையாதுடா, 9 மேட்ச் ஆடினா கப்பு, சுத்த லக்கு"ங்கறான். இங்கிலீஷ் லீக்க ஒரே ஒரு தடவ ஜெயிச்ச டீம் ஐரோப்பாவ ரெண்டு தடவ ஜெயிச்சதுன்னா எனக்கே கொஞ்சம் இடிக்குது. நெஜமாவே நல்ல டீமா?

இடதுகால்:
லக்கா? 78-79ல முதல் ரவுண்டுல யார் வந்தாங்கன்னு அவர்கிட்ட கேளுங்க. லிவர்பூல்! அதுக்கு முந்தின ரெண்டு வருஷமும் கப்ப தூக்கினவங்க. ஃபாரஸ்ட் சொந்த ஊர்ல 2-0, அவங்க கிரவுண்டு ஆன்ஃபீல்டுல 0-0, சோலி முடிஞ்சுது. குரூப் ஸ்டேஜ் இல்லாதது ஈஸின்னு யார் சொன்னது, ஒரு ராத்திரி சொதப்பினா மூட்டை கட்ட வேண்டியதுதான், லீக்கையோ இந்தக் கப்பையோ ஜெயிச்சாதான் அடுத்த வருஷம் திரும்பி வர முடியும், நாலாவது இடத்துக்கெல்லாம் அப்போ சீட்டு கிடையாது. அந்த நேரத்துல லீக்லயும் தொடர்ச்சியா 42 மேட்ச் தோக்காம ஆடினவங்க இவங்க.

செமில ஜெர்மனியோட கொலோன், முதல் மேட்ச் சொந்த ஊர்ல. சேத்துல உழுத வயல் மாதிரி கிரவுண்டு, 20 நிமிஷத்துல 0-2, அங்கேருந்து ஏறி 3-2 ஆக்கினா அவங்க டீம் ஜப்பான்காரர் ஒகுதேரா சப்ஸ்டிட்யூட்டா வந்து 3-3 பண்ணிட்டாரு. ஜெர்மனிக்குப் போய் ஜெயிச்சே ஆகணும். இயன் போயர் ஒரு ஹெட்டர், 1-0. இத லக்குன்னா என்ன பண்றது.

பழைய ஆளு:
மேனேஜர் கிளஃப், அவரோட அசிஸ்டென்ட் டெய்லர் ரெண்டு பேரையும் விட்டுட்டு இத பேசவே முடியாது தம்பி. 1975 ஜனவரில கிளஃப் வரும்போது டீம் ரெண்டாவது டிவிஷன்ல கெடந்தது, 77ல மூணாவது இடத்துல வந்து தட்டுத் தடுமாறி மேல ஏறினாங்க, ஏறின முதல் வருஷமே சாம்பியன். டெய்லருக்கு ஆள் பார்க்கற கண்ணு. கேரி பர்ட்டில்ஸ் தரைவிரிப்பு போடுற வேலை பார்த்துக்கிட்டு உள்ளூர் டீம்ல ஆடினவர், 2,000 பவுண்டுக்கு தூக்கிட்டு வந்தாங்க. அதே முன்வரிசைல 10 லட்சம் பவுண்டு டிரெவர் பிரான்சிஸ்! விதிப்படி அவர் ஃபைனல் வரைக்கும் ஐரோப்பால ஆடவே முடியாது, ஆடின முதல் மேட்ச் மியூனிக் ஃபைனல், ராபர்ட்சன் இடது பக்கம் ரெண்டு பேர தாண்டி க்ராஸ் போட, ஓடி வந்து தலையக் குடுத்தார் பாருங்க, அதுதான் ஒரே கோல்.

ஆஃப்சைடு:
ஆனா அந்த ஃபைனல் பயங்கர போர், மனசாட்சியோட ஒத்துக்குங்க. எதிர்ல ஆடின ஸ்வீடன் டீம் மால்மோவோட கோச் பேரு தெரியுமா? பாப் ஹௌட்டன். பின்னாடி நம்ம இந்தியா டீமுக்கு கோச்சா வந்து 2007, 2009 நேரு கப் வாங்கிக் குடுத்தாரே, அவரேதான்.

இடதுகால்:
ஐயோ ஹௌட்டன்! இது தெரியாமப் போச்சே. ஃபைனல் போர்தான், ஒத்துக்கறேன்.

பழைய ஆளு:
80 ஃபைனல் இன்னும் மோசம், ஆனா எனக்குப் பிடிச்சது அதுதான். பிரான்சிஸ் காயம். எதிர்ல கெவின் கீகன் ஆடின ஜெர்மன் டீம் ஹாம்பர்க், செமில ரியல் மாட்ரிட்ட 5-1 போட்டுட்டு வந்தவங்க. 20வது நிமிஷம் ராபர்ட்சன் கோல், அப்புறம் 70 நிமிஷம் கதவ சாத்திட்டாங்க. நம்ம கோல்கீப்பர் ஷில்டன் ஃபைனலுக்கு முன்னாடி பிராக்டிஸ் பண்ண நல்ல புல்லு கெடைக்காம மாட்ரிட்ல ரோடு நடுவுல இருக்கற ரவுண்டானா புல்லுல டைவ் அடிச்சாராம், சுத்தி கார் போய்க்கிட்டு இருக்கு!

பந்துப்பைத்தியம்:
செம. எல்லாத்தையும் அவனுக்கு ஃபார்வர்ட் பண்ணிட்டேன். "அப்போ 81ல என்னாச்சு"ன்னு கேக்கறான்.

ஆஃப்சைடு:
முதல் ரவுண்டுலயே பல்கேரியாவோட சிஎஸ்கேஏ சோஃபியாகிட்ட அங்க 0-1, இங்க 0-1. இத மட்டும் அவர்கிட்ட சொல்லிடாதீங்க.